இடது கால் பழகின வரலாறு

கலஹா சந்தியில் கார் மூன்றாவது தரமும் நின்றபோது பின்னால் வந்த பஸ் சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஹோர்ன் அடித்திருந்தாலே பரவாயில்லை.

கார் எங்களுடையதல்ல. எங்களில் ஒருவனுடைய மச்சானுடையது. 1990களில் செய்த ஜப்பான் கார். 1934இல் தொடங்கிய நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியை ஒருமுறை பார்த்ததிலிருந்து மச்சானுக்குப் பைத்தியம். எஞ்சினுக்கு வலுக்கூட்டினார். கம்பனி போட்ட கிளச் அந்த வலுவைத் தாங்காமல் வழுக்கத் தொடங்கியது. அதைக் கழற்றிவிட்டு, போட்டிக் கார்களுக்குப் போடுகிற இறுக்கமான கிளச் ஒன்றை வாங்கிப் போட்டார். போட்ட கையோடு கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. சாவியை எங்களிடம் தந்து ஒரு நிபந்தனை சொன்னார்: "எண்ணூறு கிலோமீற்றர் ஓட்டிப் பழக்கித் தாங்கோ. ஹைவேயில ஓடக்கூடாது, ரவுனுக்குள்ளதான். மிதிச்சு ஓடினா கிளச் பாழ்."

கலைப்பீடத்து நாலு பேருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? பெற்றோல் காசைப் பங்குபோட்டு, பின்னேரங்களில் பேராதனைக்கும் கண்டிக்கும் இடையில் ஓடினோம். முதல் கிழமை கண்டிக்குப் போய் வந்தால் இடது தொடை நடுங்கும். விடுதிப் படியேறக் கால் வராது. அந்த நோவில்தான் ஒரு கேள்வி வந்தது: இந்தப் பெடல் ஏன் இவ்வளவு இறுக்கம்? அதைவிட, மற்றக் கார்களில் அது எப்படி இவ்வளவு இலகுவானது?

எஞ்சின் நிற்காமல் சுற்றும், சில்லு சில நேரம் நிற்கவேண்டும். இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும்தான் கிளச். எஞ்சினோடு சுற்றுகிற பிளைவீலில் ஒரு தட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் அழுத்தம் விடுபடுகிறது. கூடிய வலுவைத் தாங்க வழிகள் சிலதான். ஸ்பிரிங்கை இறுக்கலாம், தட்டின் மேலுள்ள லைனிங்கைக் கூடுதலாகப் பிடிக்கிற பொருளால் செய்யலாம், தட்டைப் பெரிதாக்கலாம், அல்லது தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். மச்சானின் கிளச்சில் முதலிரண்டையும் செய்திருந்தார்கள். ஸ்பிரிங்கின் இறுக்கம் எங்கள் காலுக்கு வந்தது. லைனிங்கின் பிடி, 'பிடிக்கிற இடத்தை' ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கிவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே கார் பாயும்.

லைனிங்கின் கதை ஒரு செருப்புத் தைப்பவரிடம் தொடங்குகிறது. 1888 ஓகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் காரிலிடம் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அந்த வண்டியில் இன்றைய கிளச் இல்லை. ஒரு பட்டியைச் சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இறுகிய கப்பிக்குத் தள்ளினால் வண்டி நகரும். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக்கொண்டு அவற்றின்மேல் தோல் அடிப்பித்தார். பிரேக் லைனிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். காரின் முதல் நெடும்பயணத்தை ஓட்டியது ஒரு பெண் என்பதை, "இந்தக் கிளச் பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவராது" என்று எங்களில் ஒருத்தியிடம் சொன்ன மச்சானுக்கு அன்றிரவே அனுப்பிவைத்தோம்.

பிறகு வந்த கார்களின் கிளச்சிலும் தோல்தான். பிளைவீலின் கூம்பு வடிவக் குழிக்குள் தோல் போர்த்திய ஒரு கூம்பு போய் இறுகும். தோல் காய்ந்தால் கிளச் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், கார் துள்ளும். அதனால் ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைப் பூசி மெதுமையாக வைத்திருந்தார்கள். எண்ணெய் கூடி வழுக்கினால் களிமண் தூள் தூவினார்கள். ஆக, கிளச்சைப் பழக்குவது புதுப் பைத்தியம் அல்ல. அந்தக் காலத்தில் அது ஒவ்வொரு சாரதியின் அன்றாட வேலை.

1897இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துத் தோலைப் பிரேக் கட்டையில் அடித்திருப்பதைப் பார்த்து, இதைவிட நல்ல பொருள் தேடினார் என்பது சொல்லப்படும் கதை. அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஃபெரோடோ. முதலில் பருத்தித் துணியைப் பிசினில் ஊறவைத்துப் பார்த்தார். சூடேறினால் பருத்தி கருகியது. 1908 அளவில் விடை கிடைத்தது: கல்நார், நாங்கள் சொல்கிற அஸ்பெஸ்டஸ். நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், எரியாது, மெதுவாகப் பிடிக்கும். நோகாமல் ஓடுகிற கிளச்சுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த நூலைத் திரித்தவர்களில் ஒருவர் நெல்லி கெர்ஷோ. ரொச்டேல் நகரில், டேர்னர் பிரதர்ஸ் கல்நார் ஆலையில் வேலை செய்தவர். 1924இல், 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக், அதில் கல்நார் துகள்களைக் கண்டு அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். மூன்று வருடத்தில் அந்த நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயரும் வந்தது. ஆலை நட்டஈடு கொடுக்க மறுத்தது, ஈமச் செலவையும் மறுத்தது. பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். அந்த ஆலை அங்கமாயிருந்த டேர்னர் அன்ட் நியூவல் குழுமம்தான் 1920களின் நடுவில் ஃபெரோடோவையும் வாங்கியது. நோயின் பெயர் தெரிந்த பிறகும் பிரித்தானியா கல்நாரை முற்றாகத் தடைசெய்ய 1999 வரை எடுத்தது.

இதற்கிடையில் சாரதியின் கால் சுகமாகிக்கொண்டே வந்தது. சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகத் தட்டுப்போன்ற டயபிரம் ஸ்பிரிங் வந்தது. பாதி மிதித்த பிறகு அதன் எதிர்ப்புக் குறையும். ஹைட்ரோலிக் குழாய்கள் வந்தன. அமெரிக்காவில் 1940க்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் கிளச் பெடலே இல்லாத தானியங்கிக் கியரும் வந்தது. கார் பற்றிய புத்தகங்கள் எழுதுகிற வரலாறு இதுதான்: கடினத்திலிருந்து இலகுவுக்கு. நெல்லி கெர்ஷோவை அதற்குள் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது. காலில் இருந்த கடினத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்கு இடம்மாறியிருக்கிறது. சாரதியின் நுரையீரலுக்கு அல்ல.

இது தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். எங்களில் ஒருவனின் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார் வைத்திருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்களில் அதுவும் ஒன்று. புதுக் கிளச் பிளேட் கிடைக்காது. தேய்ந்த லைனிங்கைக் கழற்றி, கிடைத்ததை வெட்டி, துளைபோட்டு ரிவெற் அடிப்பார்கள். "ரிவெற் அடிச்சது பழக ஒரு கிழமை வேணும், அதுமட்டும் மெல்லமா ஓடோணும்" என்பார் அப்பா. துளைபோடும்போது பறந்த தூசைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. கேட்டால், "அப்ப ஆருக்குத் தெரியும்?" என்கிறார்.

இன்னொருத்தி ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இலங்கை 2018 தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியைத் தடைசெய்வதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி எங்கள் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா கல்நார் விற்கிற நாடு, எங்கள் தேயிலையை வாங்குகிற நாடும்கூட. சில நாட்களுக்குள் இலங்கை கல்நார்த் தடையைக் கைவிட முடிவெடுத்தது, தேயிலையும் திரும்பப் போகத் தொடங்கியது. "அம்மா பறிச்ச கொழுந்துக்கு மாறி வந்த தூசு" என்றாள் அவள். நாங்கள் அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை.

சரி, கிளச்சுக்கு என்ன நடந்தது? பழகியது. லைனிங்கும் பிளைவீலும் பார்வைக்கு மட்டம். உண்மையில் மேடுகளில் மட்டும்தான் தொடுகின்றன. மெதுவாகப் பிடித்து விட, பிடித்து விட, மேடு தேய்ந்து முழு முகமும் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அதனால்தான் ரவுன் ஓட்டம். ஹைவேயில் நூறு கிலோமீற்றர் போனாலும் கிளச் நாலைந்து தரம்தான் வேலை செய்யும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் முகம் கண்ணாடிபோலாகி வழுக்கும். நாங்களும் பழகினோம். ஆசனத்தை முன்னுக்குத் தள்ளி, கணுக்காலால் அல்லாமல் தொடையால் மிதித்தோம். சிக்னலில் நியூட்ரலுக்குப் போட்டுக் காலை எடுத்தோம். ஏற்றத்தில் ஹாண்ட் பிரேக்கை நம்பினோம். எழுநூறு கிலோமீற்றர் அளவில் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் நிறுத்தி, துள்ளாமல் எடுத்தாள், சரிவராது எனப்பட்டவள்.

கணக்கு முடிந்ததும் பெடலைச் சரிபார்க்க, கிளச் போட்ட அதே கராஜுக்குப் போனோம். அன்று அங்கே வேறொரு காரின் கியர்பொக்ஸ் இறங்கியிருந்தது. எங்கள் வயதுப் பொடியன் ஒருவன் காற்றுப் பைப்பால் உள்ளே இருந்த கரிய தூசை ஊதிக்கொண்டிருந்தான். எங்கள் காருக்கும் இப்படித்தான் ஊதியிருந்தான். அன்று நாங்கள் பிளேன்ரீ குடித்துக்கொண்டு பார்த்து நின்றோம். இன்றைய லைனிங்குகளில் பல கல்நார் இல்லாதவை. ஆனால் கழற்றி எறிகிற பழைய பிளேட்டில் எது இருந்தது என்று அந்தக் கராஜில் ஒருவரும் பார்ப்பதில்லை.

முகக்கவசமும், தூசை ஈரத்துணியால் துடைக்கலாம் என்ற யோசனையும் கொண்டுபோயிருந்தோம். அவன் கவசத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"பழகிருச்சு அண்ணே" என்றான்.

எண்ணூறு கிலோமீற்றராக நாங்கள் சந்தோசமாகச் சொல்லிவந்த சொல் அது. அன்று திரும்பி வரும்போது யார் ஓட்டுவது என்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு வாளியும் பழைய துணிகளும் வாங்கி, பாஸிடமே நேராகப் போய்க் கதைப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம்.