தூரத் தட்டு பிறந்த கதை

1809 பிப்ரவரியில், திருவிதாங்கூர் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் காவல் நின்ற ஆரல்வாய்மொழி அரணை இரவோடு இரவாக மலையேறிப் பிடித்தவர் கம்பெனிப் படையின் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ். இதே வெல்ஷுக்குப் பல வருஷங்களுக்கு முன் வளரி என்ற வளைந்த எறிதடியை எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பழகிய கை நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்று 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் வெல்ஷ் எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரைக் கம்பெனி 1801இலேயே தூக்கில் போட்டுவிட்டது.

நூறு கெஜம் என்றால் 91 மீட்டர். கூடையைக் குறிவைத்துத் தட்டு எறியும் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கும் எவரும் முதலில் ஆசைப்படும் தூரமும் ஏறக்குறைய அதுதான்.

வளரி ஆயுதம். டிஸ்க் கோல்ஃப் தட்டோ தின்பண்டப் பாத்திரத்தில் பிறந்தது. 1937இல் அமெரிக்காவில் ஃபிரெட் மோரிசன் தன் காதலியோடு பாப்கார்ன் டின் மூடியை எறிந்து விளையாடினார். மூடி நசுங்கியதும் கேக் தட்டு. ஐந்து சென்ட் விலையுள்ள அந்தத் தட்டைக் கடற்கரையில் ஒருவர் 25 சென்ட்டுக்குக் கேட்க, வியாபாரம் ஆரம்பமானது. 1957இல் வாம்-ஓ நிறுவனம் மோரிசனின் பிளாஸ்டிக் தட்டை வாங்கி ஃபிரிஸ்பீ ஆக்கியது. அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக், மேற்பரப்பில் வளையக் கோடுகள் போட்டு அதன் ஆட்டத்தைக் குறைத்தார். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் டிஸ்க் கோல்ஃபுக்கென்றே களம் அமைத்தார். சங்கிலி தொங்கும் கூடையும் அவர் வேலைதான். 2002இல் அவர் காலமானபின், அவர் விரும்பியபடியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இப்படியும் ஒரு பித்து!

ஆனால் தூரம் இன்னும் வரவில்லை. தட்டின் ஓரம் தடித்து உருண்டிருந்தது. காற்று அதைப் பிடித்து நிறுத்தியது. 1983இல் டேவ் டனிபேஸ் அந்த ஓரத்தைச் சரிவாகச் சீவி 'ஈகிள்' என்ற தட்டைக் கொண்டுவந்தார். 1986இல் காப்புரிமை கிடைத்தது. என் கணக்கில் டிரைவர் என்கிற தூரத் தட்டு பிறந்தது ஈகிளோடுதான்; முன்னால் வந்ததெல்லாம் பொம்மை.

பிறகு ஓரத்தை அகலமாக்கும் போட்டி. இப்போதைய விதிப்படி ஓரம் 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பல தட்டுகளில் ஸ்பீடு (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகத்தில் வலப்பக்கம் திரும்புவது), ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் சரிவது) என நான்கு எண்கள் போட்டிருக்கும். ஸ்பீடு 12, 13 என்று பார்த்ததும் புதியவர்கள் அள்ளிக்கொள்கிறார்கள். அந்த எண் தட்டு கொடுக்கும் வேகம் அல்ல, நம் கையிடம் அது கேட்கும் வேகம். கொடுக்க முடியாதவர் எறிந்தால் பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து விழும். இடம், வலம் எல்லாம் வலக்கைக்காரர் பின்கையாக எறிவதை வைத்துச் சொல்கிறேன். ஸ்பீடு 7, 8இல் தொடங்குவதே புத்தி. தட்டை மார்புக்கு நேராக மட்டமாக இழுத்து, இடுப்பு திரும்பிய பிறகு கையை விடவேண்டும். முன் ஓரம் தூக்கிவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

மிச்சம் காற்றின் கையில். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிய்த்துக்கொண்டு வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றில், அதற்கு எதிராக மேற்கே பார்த்து எறிந்தால், தட்டு வலப்பக்கம் கவிழும். அதற்கு டர்ன் குறைந்து ஃபேட் கூடியது வேண்டும். கிழக்கே பார்த்தால் காற்று முதுகில். டர்ன் கூடிய தட்டை உயர எறிந்தால் போதும், தூக்கிக்கொண்டு போகும். 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் 338 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்ததும் பின்காற்றில்தான்.