திகனையின் கமராச் சாட்சி

2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனையில் முஸ்லிம்கள்மீது வன்முறை ஏவப்பட்டது. பொலிஸார் சிலரும் தாக்கினர் என்ற குற்றச்சாட்டை, கண்காணிப்புக் கமராப் பதிவுகளை ஆதாரம் காட்டி ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. வாய்ச்சாட்சியத்தை மறுப்போர் காட்சியின் முன் திணறுவதைச் செய்தியாளனாக நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால், காட்சி எஞ்ச வேண்டுமே! 1980களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம், இன்று கமராவுக்குள்ளேயே மெமரி கார்டாக அமர்ந்துள்ளது. இணையம் துண்டிக்கப்பட்டாலும் பதிவு தொடரும். எனினும், அழித்தெழுதும் ஒவ்வொரு முறையும் அதன் நினைவுக்கலங்கள் தேய்கின்றன. சாதாரண கார்ட் விரைவில் பழுதாகும். தொடர்பதிவுக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்குங்கள். அவ்வப்போது ஓடவிட்டுச் சரிபாருங்கள். கமராவை உடைப்பவன் கார்டையும் கொண்டுபோவான். ஆகவே, பிரதியொன்று வேறிடத்தில் இருக்கட்டும்.