டேர்போ இல்லாத லப்டொப்பின் வரலாறு

பழைய லப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, புரொசஸரின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கருவியை ஓடவிட்டால், ‘டேர்போ வசதி இல்லை’ என்று ஒரு வரி வரலாம். ‘அப்ப இந்த மெஷின் சரிவராது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். தானியங்கி வேகமாற்றம்தான் முதலில் வந்தது. டேர்போ பிறகுதான்.

2000 ஜனவரியில் இன்டெல் தன் மொபைல் பென்டியம் 3 சிப்பில் ஸ்பீட்ஸ்டெப் வசதியைக் கொண்டுவந்தது. சார்ஜர் செருகியிருந்தால் 650 மெகாஹேர்ட்ஸ், 1.6 வோல்ட். கழற்றினால் 500 மெகாஹேர்ட்ஸ், 1.35 வோல்ட். சிப்பின் மின்செலவு மீடிறனோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கோ: வேகம் குறைவது 23 சதவீதம், மின்செலவு குறைவதோ ஏறத்தாழ 45 சதவீதம்.

ஆனால் அங்கே முடிவெடுத்தது சார்ஜர் வயர். நீங்கள் பாட்டுக் கேட்கிறீர்களா, வீடியோ எடிட் பண்ணுகிறீர்களா என்று அதற்கென்ன தெரியும்?

2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கேர்னலில் ‘சிபியுஃப்ரீக்’ என்ற பகுதி இருந்தது. அதனூடாகப் பயனரோ, பின்னணியில் ஓடும் சிறு நிரலோ மீடிறனை மாற்றலாம். அடுத்த வருடமே, 2.6.9 பதிப்பில், ‘ஒன்டிமாண்ட்’ வந்தது. இப்போது கேர்னலே வேலைச்சுமையை அளந்தது. சுமை கூடினால் ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவும், குறைந்தால் இறங்கும். 2005 இல் வந்த ‘கன்சர்வேட்டிவ்’ படிப்படியாக ஏறும். 2016 இல் 4.7 பதிப்போடு வந்த ‘ஷெட்யூட்டில்’, எந்த வேலை எப்போது ஓடவேண்டும் எனத் தீர்மானிக்கும் பகுதியிடமே சுமையைக் கேட்டுக்கொள்கிறது.

இன்டெல்லின் டேர்போ பூஸ்ட் 2008 நவம்பரில் கோர் ஐ7 சிப்களோடுதான் வந்தது. சூடும் மின்வலுவும் இடம்கொடுத்தால், பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தையும் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடும். அது வீட்டுக்குப் பிறகு கட்டிய மேல்மாடி மாதிரி. ஆரம்பகால கோர் ஐ3 லப்டொப்களில் மேல்மாடி இல்லை, ஆனால் கீழ்ப்படிகள் எல்லாம் இருக்கின்றன.

2015 இன் ஸ்கைலேக் சிப்களிலிருந்து முடிவெடுக்கும் வேலையின் பெரும்பகுதி சிப்புக்குள்ளேயே போகத் தொடங்கியது. உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களால் வாசிக்க முடியாது. பழைய மெஷினில் முடிவெடுப்பது கேர்னல். அதன் நிரலை யாரும் திறந்து வாசிக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கோ. பழைய ஏசிபிஐ டிரைவரில் ‘பவர்சேவ்’ என்றால் எப்போதும் ஆகக் குறைந்த வேகம்தான், சுமை கூடினாலும் ஏறாது. மெஷின் இழுபட்டால் டேர்போ இல்லையே என்று கவலைப்பட முதல் ‘ஷெட்யூட்டில்’ அல்லது ‘ஒன்டிமாண்ட்’டுக்கு மாற்றிப் பாருங்கோ. புது லப்டொப்புக்குக் காசு தேடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.