சர்க்யூட் சிமுலேஷன்: 'ரன்' அழுத்தும் முன் கிராஃபில் என்ன வேண்டும் என்று முடிவு செய்வது எப்படி?

சர்க்யூட்டை வரைந்து, 'ரன்' அழுத்தினால் திரையில் ஒரு கோடு வருகிறது. கோடு ஒழுங்காக இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிவ்யூ மீட்டிங்கில் காட்டுகிறீர்கள். போர்டு ஆர்டர் ஆகிறது. சில வாரங்கள் கழித்து, மின்சாரம் கொஞ்சம் இறங்கும் இடத்தில் அந்த போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

சிமுலேட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாததை அது காட்டாது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் இந்த அவுட்புட் ப்ளாட் அமைப்பை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

இந்த கிராஃப் எங்கிருந்து வருகிறது?

இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான சர்க்யூட் சிமுலேட்டர்களின் மூலம் 'ஸ்பைஸ்'. அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல், அவருடைய வழிகாட்டி டொனால்ட் பீடர்சன் ஆகியோரின் பணியில் உருவாகி 1973-இல் வெளிவந்தது. அன்று இப்போது போன்ற வண்ணத் திரை கிடையாது. லைன் பிரின்டரில், காகிதத்தில், எழுத்துகளையே புள்ளிகளாக அடித்துத்தான் கிராஃப் வரும். அதனால் எந்த அளவு வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது மவுஸை வைத்து எங்கே வேண்டுமானாலும் கிளிக் செய்து பார்க்கலாம். வசதிதான். ஆனால் 'முதலில் ஓட்டுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பழக்கமும் அதோடு வந்துவிட்டது.

நம் எடுத்துக்காட்டு என்ன?

ஒரு சாதாரண பவர் சப்ளை. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 9 வோல்ட் ஏ.சி. ஆகிறது. நான்கு டையோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் பிறகு 7805 ரெகுலேட்டர். ரெகுலேட்டர் 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் கொடுக்க வேண்டும்.

7805-க்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட சுமார் 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். அதாவது கெப்பாசிட்டரில் இருக்கும் வோல்டேஜ் எந்த நொடியிலும் 7-க்குக் கீழே போகக்கூடாது. ஆகவே நம் கேள்வி 'அவுட்புட் எப்படி இருக்கிறது?' என்பதல்ல. 'கெப்பாசிட்டர் வோல்டேஜின் மிகத் தாழ்ந்த புள்ளி எது?' என்பதுதான். கேள்வியை இப்படி எழுதிக்கொண்டால் ப்ளாட் அமைப்பில் பாதி வேலை முடிந்தது.

எந்த இடத்தை அளக்கிறீர்கள்?

வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒரு வயரைக் கிளிக் செய்தால், சிமுலேட்டர் அந்த வயருக்கும் கிரவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

நம் சர்க்யூட்டில் கிரவுண்ட் இருப்பது பிரிட்ஜின் மைனஸ் முனையில். டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியின் இரண்டு முனையுமே கிரவுண்டில் இல்லை. அதில் ஒரு முனையை மட்டும் கிளிக் செய்தால் முழு சைன் அலை வராது, கீழ்ப்பாதி வெட்டுப்பட்ட மாதிரி ஒரு வடிவம் வரும். 'டையோடு தப்பா போட்டுட்டோமோ' என்று தேட ஆரம்பிப்பீர்கள். சர்க்யூட்டில் தவறில்லை. இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கேட்க வேண்டும். எல்.டி.ஸ்பைஸில் ஒரு முனையில் மவுஸை அழுத்திப் பிடித்து இன்னொரு முனை வரை இழுத்து விட்டால் அது கிடைக்கும்.

இன்னொன்று, வயர்களுக்குப் பெயர் வையுங்கள். நீங்கள் வைக்காவிட்டால் மென்பொருள் 'என் 001', 'என் 002' என்று தானாக எண் கொடுக்கும். சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் அந்த எண்கள் மாறிவிடலாம். நேற்று சேமித்த ப்ளாட் அமைப்பு இன்று வேறு ஒரு வயரைக் காட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது. 'கேப்', 'அவுட்' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

கரன்ட்டுக்குத் திசை உண்டு. ஒரு ரெசிஸ்டரைத் திருப்பி வைத்தாலே கிராஃபில் மைனஸ் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை புள்ளிகள்?

கிராஃபில் தெரியும் கோடு உண்மையில் கோடு அல்ல. சிமுலேட்டர் கணக்கிட்ட புள்ளிகளை இணைத்தது. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஒவ்வொரு 0.5 மில்லி செகண்டிலும் மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் அலை பூஜ்ஜியத்தைத் தாண்டும் இடத்திலேயே புள்ளி விழும். திரையில் ஒரு நேர்கோடு. அலையே இல்லை!

பெரும்பாலான சிமுலேட்டர்கள் இடைவெளியைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்பதை நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சிக்கு 20 மில்லி செகண்ட். பிரிட்ஜுக்குப் பிறகு ரிப்பிள் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும். டையோடில் கரன்ட் பாய்வது அதில் சில மில்லி செகண்ட் மட்டுமே. அதிகபட்ச இடைவெளியை 20 மைக்ரோ செகண்ட் என்று வைத்தால் ஒரு ரிப்பிளுக்குக் குறைந்தது 500 புள்ளிகள். போதுமானது.

மொத்த நேரத்தை 200 மில்லி செகண்ட் என்று வைத்து, முதல் 100-ஐ விட்டுவிட்டுப் பாருங்கள். ஏன்? தொடக்கத்தில் கெப்பாசிட்டர் காலியாக இருக்கும். அது நிரம்பும்போது மிகப் பெரிய கரன்ட் பாயும். அந்த ஒற்றைச் சிகரம் திரையில் இருக்கும் வரை மற்றதெல்லாம் குட்டியாகத்தான் தெரியும். தொடக்கக் கரன்ட்டால் டையோடு தாங்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தனி ப்ளாட்டில் கேளுங்கள்.

அச்சு ஏமாற்றுமா?

ஏமாற்றும். தேர்தல் நேரத்தில் 48 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் போலக் காட்டும் வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சை 47-இல் தொடங்கியிருப்பார்கள். சிமுலேட்டரின் 'ஆட்டோ ரேஞ்ச்' அதையே எந்தக் கெட்ட நோக்கமும் இல்லாமல் செய்கிறது. 2 மில்லிவோல்ட் ரிப்பிளைத் திரை முழுக்க நிரப்பிக் காட்டும். 2 வோல்ட் ரிப்பிளும் அதே அளவில்தான் தெரியும்.

அதனால் அச்சின் எல்லையை நீங்களே முடிவு செய்யுங்கள். நம் எடுத்துக்காட்டில் 0 முதல் 14 வோல்ட் வரை வைத்து, 7 வோல்ட்டில் ஒரு நேர்கோட்டையும் சேர்த்துவிடுங்கள். ப்ளாட்டில் '7' என்று ஒரு மாறிலியைச் சேர்த்தாலே போதும். கோட்டுக்குக் கீழே போகிறதா இல்லையா என்பது யாருக்கும் ஒரே பார்வையில் புரியும். வோல்டேஜையும் கரன்ட்டையும் ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டாம். இரண்டு கட்டங்களாகப் பிரித்து, நேர அச்சை மட்டும் பொதுவாக வையுங்கள்.

கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. எண்ணாகக் கேளுங்கள். எல்.டி.ஸ்பைஸ், என்.ஜி.ஸ்பைஸ் இரண்டிலும் 'மெஷர்' கட்டளை உண்டு. '100 முதல் 200 மில்லி செகண்டுக்குள் கேப் வோல்டேஜின் மினிமம் என்ன?' என்று அதில் எழுதிவிட்டால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை எண்ணாக வந்துவிடும்.

இப்போது கைக்கணக்கு. 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் சுமார் 12.7. இரண்டு டையோடும் சேர்ந்து சுமார் 1.8 எடுத்துக்கொண்டால் மிச்சம் 10.9. 0.5 ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் 0.5 வோல்ட் இழக்கும். அடுத்த அலை வந்து தூக்கிவிடும் வரை சுமார் 7.5 மில்லி செகண்ட். பள்ளம் 7.1 வோல்ட்டுக்கு அருகில். அப்பாடா, தப்பித்தது.

ஆனால் லோ வோல்டேஜ் வந்தால்? மின்சாரம் 10 சதவீதம் குறைந்து 207 வோல்ட் ஆனால், செகண்டரி 8.1. உச்சம் 9.65-க்கு இறங்கும். பள்ளம் சுமார் 6 வோல்ட்.

கவனியுங்கள். அப்போதும் கெப்பாசிட்டரின் சராசரி வோல்டேஜ் ஏறத்தாழ 8. மல்டிமீட்டரில் டி.சி. அளவு வைத்துப் பார்த்தாலும், சிமுலேட்டரில் 'ஆவரேஜ்' கேட்டாலும் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு நொடிக்கு 100 முறை 5 வோல்ட் அவுட்புட் சுமார் 4-க்குச் சரிகிறது. வோல்டேஜ் குறைந்தால் ரீசெட் ஆகும்படி அமைக்கப்பட்ட மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால், அது மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும்.

இதைத்தான் 'ஸ்டெப்' வசதியால் பிடிக்க வேண்டும். 207, 230, 253 என மூன்று அளவுகளுக்கும் ஒரே ஓட்டத்தில் சிமுலேட் செய்து, மூன்று மினிமங்களையும் அட்டவணையாகப் பாருங்கள். கெப்பாசிட்டரை 2200 மைக்ரோஃபாரட் ஆக்கினால் 207 வோல்ட்டிலும் பள்ளம் 7.8 அருகே நிற்கும். தீர்வு சில ரூபாய் விலையுள்ள ஒரு பாகம். சரியான கேள்வியைக் கேட்காவிட்டால் அதன் விலை ஒரு முழு போர்டு.

ஏ.சி. அனாலிசிஸில் என்ன வேறுபாடு?

ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றுக்கு நேர அச்சுக்குப் பதில் ஃப்ரீக்வென்சி அச்சு. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 5 வோல்ட்டில் ஓடும், 1000 மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஏ.சி. அளவு '1' என்று கொடுத்தால், கிராஃப் 1000 வோல்ட் காட்டும். இது தவறல்ல. ஏ.சி. அனாலிசிஸ் சர்க்யூட்டை மிகச் சிறிய சிக்னலுக்கான நேர்கோட்டு வடிவமாக மாற்றிக்கொண்டு கணக்கிடுகிறது. சப்ளை எல்லையோ கிளிப்பிங்கோ அதற்குத் தெரியாது. '1' என்று கொடுப்பது, அவுட்புட்டை அப்படியே பெருக்க விகிதமாகப் படிப்பதற்காகத்தான். உண்மையான வோல்ட் வேண்டுமானால் டிரான்சியன்ட் ஓட்டுங்கள்.

டெசிபல் அச்சில் 20 கூடினால் வோல்டேஜ் 10 மடங்கு. மைனஸ் 3 என்பது 70.7 சதவீதம். 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் ஃபில்டரில் அந்தப் புள்ளி 159 ஹெர்ட்ஸ் அருகே வர வேண்டும். உங்கள் ப்ளாட் அமைப்பு சரியா என்று சோதிக்க இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது.

எந்த மென்பொருளில் எப்படி?

எல்.டி.ஸ்பைஸ்: இலவசம். வயரைக் கிளிக் செய்தால் வோல்டேஜ், பாகத்தைக் கிளிக் செய்தால் கரன்ட். ப்ளாட் அமைப்பைத் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். ஃபோரியர் பார்க்கும் முன் வேவ்ஃபார்ம் கம்ப்ரெஷனை நிறுத்துங்கள். கோப்பைச் சிறிதாக்க அது புள்ளிகளைக் குறைக்கும். ஃபோரியரில் அது பொய்யான இரைச்சலாகத் தெரியும்.

என்.ஜி.ஸ்பைஸ்: திறந்த மூலம். கட்டளைகளால் ப்ளாட் போடலாம், தரவை டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து பைத்தானில் வரையலாம். கரன்ட் அளக்க, வழியில் 0 வோல்ட் சோர்ஸ் ஒன்றைப் போடும் பழைய உத்தி இதில் இன்றும் வேலை செய்யும். கிகேட் மென்பொருளின் சிமுலேட்டருக்குள் இருப்பதும் இதுதான்.

இசிம்: ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி திட்டம் உருவாக்கியது. கிகேட், என்.ஜி.ஸ்பைஸ் ஆகியவற்றை இணைத்துத் தருகிறது. லைசன்ஸ் செலவு இல்லாமல் கற்க விரும்பும் மாணவர்களுக்கு ஏற்றது.

கேடென்ஸ் விர்ச்சுவோசோ: சிப் வடிவமைப்பு நிறுவனங்களில் பார்ப்பீர்கள். அவுட்புட் பட்டியலில் 'ப்ளாட்', 'சேவ்' என இரண்டும் தனித்தனி. வயரைத் தேர்ந்தெடுத்தால் வோல்டேஜ், பாகத்தின் முனையைத் தேர்ந்தெடுத்தால் கரன்ட். முனைகளின் கரன்ட் பொதுவாகத் தானாகச் சேமிக்கப்படாது. இரவு முழுக்க ஓடிய சிமுலேஷனில் காலையில் வந்து கரன்ட்டைத் தேடினால் கிடைக்காது. எல்லாவற்றையும் சேமித்தாலோ டிஸ்க் நிரம்பும். தேவையானதை மட்டும், ஓட்டும் முன்பே, பட்டியலில் சேருங்கள்.

ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் 6 கேள்விகள்

1. இந்த கிராஃப் எந்தக் கேள்விக்குப் பதில்? ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
2. வோல்டேஜ் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே? வயர்களுக்குப் பெயர் இருக்கிறதா?
3. மிக வேகமான மாற்றத்துக்குப் போதுமான புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா? இடைவெளியைப் பாதியாக்கினாலும் அதே விடை வருகிறதா?
4. அச்சின் எல்லையை முடிவு செய்தது நீங்களா, மென்பொருளா? அனுமதிக்கப்பட்ட எல்லைக்கோடு கிராஃபில் இருக்கிறதா?
5. முடிவு எண்ணாக இருக்கிறதா? அது சராசரியா, உச்சமா, பள்ளமா?
6. சப்ளை குறைந்தால், கூடினால், வெப்பம் ஏறினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தீர்களா?

மூன்றாவது கேள்வியை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள். இடைவெளியை மாற்றியதும் விடை மாறினால், நீங்கள் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் சர்க்யூட்டை அல்ல, உங்கள் செட்டிங்கை.