இடுப்புக்குள் ஒரு ஆடிட்டர்

தில்லியில் நம்மவர் வீட்டுப் பெரியவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்றினால் டாக்டர் சொல்வது, "தரையில உட்காராதீங்க". மூட்டு நழுவிவிடும் என்ற பயம். சரி, உள்ளே இருக்கும் உலோகம் எவ்வளவு பாரம் தாங்குகிறது? காமர்ஸ் படித்த புத்தி, கணக்கைத் தேடியது.

முதல் கணக்கு ஸ்வீடனில். கோதன்பர்க் டாக்டர் ரைடெல் இரண்டு நோயாளிகளின் செயற்கை மூட்டில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினார். உலோகம் மயிரிழை வளைந்தாலும் அதன் மின்தடை மாறும், அதை வைத்துப் பாரத்தைக் கணக்கிடலாம். ஒயரைத் தோலுக்கடியில் விட்டு, சில மாதங்கள் கழித்து வெளியே எடுத்து அளந்தார். 1966-இல் வெளியிட்டார். ஒற்றைக்காலில் நின்றாலே உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! அந்த இருவருக்கும் ஒரு கும்பிடு.

1988-இல் பெர்லினில் பெர்க்மன் குழு ஒயரை ஒழித்தது. மூட்டுக்குள்ளேயே ரேடியோ. பேட்டரி கிடையாது, வெளியே சுற்றிய கம்பிச்சுருளிலிருந்து மின்சாரம். ஒரு நோயாளி தற்செயலாகக் கால் தடுக்க, பதிவானது எட்டு மடங்குக்கும் மேல். அறுபது கிலோ ஆளுக்கு அரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் அவர்கள் நான்கு பேரை அளந்து வெளியிட்ட பட்டியலில் நடை, மாடிப்படி, நாற்காலி எல்லாம் உண்டு. சம்மணம் இல்லை. பூஜைக்கு மணைபோட்டு உட்காரலாமா என்று கேட்கும் என் அம்மாவுக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே திறக்கவில்லை.