இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் (இந்தியா)

இந்தியப் பொதுச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பெறவேண்டிய உரிமம். குறைந்தபட்ச வயது 18, 50 சி.சி.க்கு மிகாத வண்டிக்கு மட்டும் 16. கியர் உள்ள வண்டிக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் உரிம வகை வேறு.

சாலை விதிகள், சின்னங்கள் பற்றிய தேர்வில் தேறியவருக்கு முதலில் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) கிடைக்கும். இது ஆறு மாதம் செல்லும். இக்காலத்தில் வண்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்கவேண்டும்; கற்றுத்தரும் உரிமதாரரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

முப்பது நாள் கழிந்தபின் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் இதற்கு மறுபெயரே ‘எட்டுப் போடுவது’தான். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில், கால் தரையில் படாமல், எட்டு வடிவப் பாதையில் வண்டியைச் செலுத்தவேண்டும். வேகமாகப் போகும் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். மெதுவாக வளைக்கும்போதுதான் கிளட்சும் பின்பிரேக்கும் பார்வையும் ஒருங்கிணையவேண்டும். திறமையை அளக்க நல்ல வழிதான். ஆனால் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் திடீரென பிரேக் பிடிப்பதையோ, மழையிலும் இரவிலும் ஓட்டுவதையோ எட்டு சோதிப்பதில்லை. இது பெரிய குறை.

2019 திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் உரிமம் பெறுவோருக்கு அது 40 வயதுவரை செல்லும். உரிமமின்றி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரலாம்.