தோட்டப்புறம், தேர்வுக்குழு, சட்டம்: மலேசிய விளையாட்டில் இனவெறி குறித்து

2021 அக்டோபரில் ஃபின்லாந்தின் வந்தா நகரில் நடந்த சுதிர்மான் கிண்ணப் பூப்பந்து அரையிறுதியில் மலேசிய வீராங்கனை எஸ். கிஷோனா ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றார். உடனே ஓர் அரசியல் கட்சியின் தொகுதி நிலைத் தலைவர் முகநூலில் இன வசையோடு, இவரை எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்துவந்தார்கள் என்று கேட்டார். கிஷோனா சிரம்பான்காரர், 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றவர். எனவே அக்கேள்வி ஊரை விசாரிக்கவில்லை, தகுதியை மறுத்தது. கண்டனம் எழுந்தது, காவல்துறை விசாரித்தது, எழுதியவர் மன்னிப்புக் கேட்டார், கட்சிப் பொறுப்பும் போயிற்று. விவகாரம் அத்துடன் முடிந்ததாகக் கொள்ளப்பட்டது.

முடியவில்லை என்பதே என் வாதம். வசை வெளியே தெரிவதால் தண்டிக்கப்படுகிறது. தேர்வுக்கே வந்துசேராத பிள்ளைக்கு நேர்வது எந்த விசாரணையிலும் இடம்பெறுவதில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சிலிபின், புந்தோங் போன்ற ஈப்போப் புறநகர்களுக்குப் பெயர்ந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள் லய வீடுகளோடு விளையாட்டுத் திடலையும் இழந்தன. திறமை இருந்தால் யார் தடுப்பார் என்போர் கோலகங்சாரில் பிறந்த ஓட்டக்காரர் மணி ஜெகதீசனைக் காட்டுவர். 1966 ஆசிய விளையாட்டில் 3 தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பெருமைதான். ஆனால் தோட்டப் பள்ளிச் சிறுவனுக்கு ஓட்டப்பாதையும் பயிற்றுநரும் வாய்த்தார்களா என்பதற்கு அது விடையாகாது.

சட்டம் இங்கே கைகொடுக்கிறதா? அரசியலமைப்பின் 8(2) விதி இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. எனினும் 2005இல் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பு உரிமைகளை அரசுக்கு எதிராகவே கோரலாம், தனியாருக்கு எதிராக அல்ல என்றது. அது கர்ப்பமுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண்ணின் வழக்கு. ஆனால் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் தேர்வுக்குழுவும் அதே வாதத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்பதில்லை என 2018இல் அரசு அறிவித்துவிட்டது. ஃபிஃபாவின் 2019 ஒழுங்குவிதி களத்தில் இழிவுபடுத்தும் ஆட்டக்காரருக்குக் குறைந்தது 10 ஆட்டத் தடை விதித்தது. அழைப்பே வராதவருக்கு அதில் ஒரு வரியும் இருக்கவில்லை.

மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியதை இனவாதம் என்றவர்கள் உண்டு. இனவாரி மன்றங்கள் காலனிக் காலத்திலிருந்தே இங்கே வேர்விட்டவை. முன்வாசல் அடைபட்டவன் பக்கவாசல் கட்டியதை மட்டும் குறைசொல்வது நேர்மையன்று. ஆனாலும் அது தீர்வல்ல, தற்காப்பு.

கருவி ஏற்கனவே கையில் உள்ளது. 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவுபெற வேண்டும். தேர்வுப் போட்டி எங்கே, எப்போது, எந்த மொழிகளில் அறிவிக்கப்பட்டது, யார் வந்தனர் என வெளியிடுவதை அப்பதிவின் நிபந்தனையாக்கலாம். இனவாரிக் கணக்கே இனவாதம் என்று சங்கங்கள் மறுக்கும். இனத்தைக் கேட்கவே வேண்டாம். பள்ளியும் அஞ்சல் குறியீடும் போதும். சபாவின் உட்பகுதிக் கிராமங்கள் விடுபடுவதையும் அதே பட்டியல் காட்டிவிடும்.